ஏஐ ஏஜென்டுக்கு எழுதிய கருவி விளக்கம் தேறுமா? மதிப்பிட ஒரு முழு வழிகாட்டி

ஏஜென்டுக்கு, அதாவது ஒரு மொழி மாடல் தானே கருவிகளை அழைத்து வேலை செய்யும் மென்பொருளுக்கு, ஒரு கருவியைக் கொடுக்கும்போது மாடலின் கண்ணில் படுவது மூன்றுதான்: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் சில வரிகள், என்னென்ன பாராமீட்டர் (உள்ளீடு) தரவேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. உள்ளே ஓடும் நிரல் அதற்குத் தெரியாது. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாலும் மாடலுக்கு எட்டாது. மனிதப் புரோகிராமருக்குக் குழப்பம் வந்தால் சோர்ஸைத் திறப்பார், இணையத்தில் தேடுவார், பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார். மாடல் அந்த இடத்தில் ஊகிக்கும். ஊகித்ததைத் தயங்காமல் செய்தும் முடித்துவிடும்.

2023 ஜூனில் ஓபன்ஏஐ, மாடல் கருவிகளை அழைக்க உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்த காலத்தில் கருவி எழுதுபவரும் ஏஜென்ட் கட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஏதாவது பிசகினால் அவரே ப்ராம்ப்டில், அதாவது மாடலுக்குத் தரும் அறிவுறுத்தலில், ஒரு வரி சேர்த்துச் சரிக்கட்டிவிடுவார். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, ஏஜென்டுகளையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை. யாரோ எழுதிய கருவியை யாருடைய ஏஜென்டிலும் இணைக்கலாம் என்றாக்கி, இந்த இரண்டு பேரையும் அது பிரித்துவிட்டது. கருவிகளைத் தரும் நிரலுக்கு அதில் சர்வர் என்று பெயர். இன்று விளக்கம் எழுதுபவருக்கு அதை எந்த மாடல் படிக்கப்போகிறது, பக்கத்தில் வேறு என்னென்ன கருவிகள் இருக்கப்போகின்றன என்பது எதுவுமே தெரியாது. அதனால்தான் எழுதுவதைவிட மதிப்பிடுவது பெரிய வேலையாகிவிட்டது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கத்தைத் தனியாக எடுத்து வாசித்து, நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. அதை மொத்தப் பட்டியலுக்குள் வைத்து, ஏஜென்ட் கையில் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாசிப்பு அதற்கு முன்னேற்பாடு மட்டுமே.

எடுத்துக்காட்டுக்கு எம்சிபி திட்டத்தின் மாதிரி சர்வர்களில் ஒன்றான ஃபைல்சிஸ்டம் சர்வரையே எடுத்துக்கொள்கிறேன். எம்சிபி பழகுபவர்கள் பலரும் முதலில் நிறுவிப் பார்ப்பது அதைத்தான். யாருக்கும் புரியும் வேலை: ஃபைலைப் படிப்பது, எழுதுவது, நகர்த்துவது, தேடுவது. இவ்வளவு எளிய விஷயத்திலேயே விளக்கம் எங்கெல்லாம் சறுக்கலாம் என்று காட்ட அது வசதி. வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 1: மாடல் பார்ப்பதை அப்படியே கைக்கு எடுங்கள்

சோர்ஸ் கோடில் இருக்கும் விளக்கத்தை வாசித்து வேலையைத் தொடங்காதீர்கள். சர்வரை ஓடவிட்டு, கருவிப் பட்டியலைக் கேட்டால் அது திருப்பி அனுப்பும் ஜேசனை எடுங்கள். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற அதிகாரப்பூர்வக் கருவி இதற்குப் போதும்.

பைத்தானில் ஃபாஸ்ட்எம்சிபி போன்ற நூலகங்கள் ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கை (அதன் தொடக்கத்தில் எழுதும் குறிப்பை) எடுத்து விளக்கமாகவும், டைப் குறிப்புகளை எடுத்து ஸ்கீமாவாகவும் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. டாக்ஸ்ட்ரிங் எழுத மறந்தால் விளக்கம் காலியாகப் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. பாராமீட்டருக்கு நீங்கள் எழுதிய குறிப்பு ஸ்கீமாவுக்குள் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே விழுந்துவிட்டதா என்பதும் வெளிவந்த ஜேசனைப் பார்த்தால்தான் தெரியும். கருவிகள் அதிகமுள்ள சர்வர்களில் இப்படி ஒன்று காலியாக நின்றால் எளிதில் கண்ணில் படாது.

கையோடு மொத்தப் பட்டியலும் எத்தனை டோக்கன் (மாடல் வாசிக்கும் சொல்துண்டு) என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒவ்வொரு வேண்டுகோளோடும் இந்தப் பட்டியல் முழுவதும் மாடலுக்குப் போகிறது. கேஷ் செய்தால், அதாவது அனுப்பியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தினால், செலவு குறையும், இடம் குறையாது. படி 8-ல் இந்த எண் தேவைப்படும்.

படி 2: நிரலைப் பார்க்காதவரிடம் கொடுத்துக் கேளுங்கள்

அந்த நிரலைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் ஜேசனை மட்டும் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு மாடலிடமே கொடுக்கலாம். கருவியை இயக்க விடாமல், கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் கேட்கவேண்டியவை: இது என்ன செய்யும்? எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது? என்ன திரும்பி வரும்? பாதியில் தோற்றால் என்ன ஆகும்? செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? ஒரே அழைப்பை இரண்டு முறை அனுப்பினால் என்ன நடக்கும்?

வந்த பதிலை நிரலோடு ஒப்பிட்டு மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: சரி, தவறு, சொல்லப்படவில்லை. தவறுகளைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் சுலபம். கவனம் செலுத்த வேண்டியது மூன்றாவது வகையில். விளக்கம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் மாடல் ஊகிக்கிறது.

ஃபைல்சிஸ்டம் சர்வரில் 'ரைட் ஃபைல்' தேறிவிடும். ஏற்கெனவே அதே பெயரில் ஃபைல் இருந்தால் எச்சரிக்காமல் மேலெழுதிவிடும் என்று விளக்கமே சொல்கிறது. 'மூவ் ஃபைல்' கூடத் தேறும். சேருமிடத்தில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் செயல் தோற்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பல ஃபைல்களை ஒரே நேரத்தில் படிக்கும் கருவி இன்னும் நன்றாக இருக்கிறது: ஒரு ஃபைலைப் படிக்க முடியாமல் போனாலும் மற்றவை நிற்காது என்று சொல்லிவிடுகிறது. பகுதித் தோல்வியைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதுபவர்கள் அபூர்வம்.

'எடிட் ஃபைல்' பக்கம் வந்தால் கதை மாறுகிறது. பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் கொடுத்தால் மாற்றிவிட்டு வித்தியாசத்தைக் காட்டும் என்கிறது விளக்கம். பழைய வாசகம் ஃபைலில் இரண்டு இடங்களில் இருந்தால்? நிரலைப் பார்த்தால் முதலில் வருவதை மட்டும் மாற்றுகிறது. விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டும் மாறிவிட்டதாக நினைத்து ஏஜென்ட் அடுத்த வேலைக்குப் போக வாய்ப்பு உண்டு.

தேடும் கருவி இன்னும் நல்ல உதாரணம். 'சர்ச் ஃபைல்ஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் ஃபைலுக்குள் தேடுமா, ஃபைலின் பெயரில் தேடுமா என்ற கேள்வி வரும். பெயரில் மட்டும்தான் தேடும். பேட்டர்னுக்குப் பொருந்தும் ஃபைல்களைத் தேடும் என்று விளக்கம் சொல்கிறதே தவிர, உள்ளடக்கத்தில் தேடாது என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. கவனமாகப் படிப்பவருக்குப் புரியும்தான். ஆனால் "வாடகை ஒப்பந்தம் பற்றி எந்த ஃபைலில் எழுதியிருக்கிறேன்?" என்று பயனர் கேட்கும்போது ஏஜென்ட் இதைத்தான் எடுக்கும், வெறும் கையோடு திரும்பும், "அப்படி எதுவும் இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடும். ஒரு கருவி எதைச் செய்யாது என்பதை எழுதுவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை. மதிப்பீட்டில் முதலில் தேடவேண்டியது அந்த வாக்கியத்தைத்தான்.

இதே கருவியின் ஆரம்பப் பதிப்புகளில் பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும். பின்னால் அது குளோப் பாணிக்கு (*.txt போன்ற பேட்டர்ன்களுக்கு) மாறியது. துணை ஃபோல்டர்களுக்குள் தேட எப்படி எழுதவேண்டும் என்பதையும் விளக்கத்தில் சேர்த்தார்கள். நடத்தை மாறும்போது விளக்கமும் கூடவே மாற வேண்டும் என்பதற்கு இது சரியான முன்மாதிரி.

படி 3: பாராமீட்டர்களை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்

கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மதிப்பைத் தவறாகக் கொடுக்கும் பிழைதான் ஆபத்தானது. தவறான கருவி என்றால் பெரும்பாலும் எங்கேயாவது எரர் வந்து காட்டிக்கொடுத்துவிடும். தவறான மதிப்பு பல நேரம் வெற்றிகரமாக ஓடி முடிந்துவிடும்.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸர்பே என்ற பணப் பரிமாற்றச் சேவையின் ஏபிஐயில் (பிற நிரல்கள் அதை அழைக்கும் வழியில்) தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும். 500 என்று அனுப்பினால் ஐந்து ரூபாய். ஸ்ட்ரைப்பிலும் அமெரிக்க டாலர் என்றால் சென்டில்தான் அனுப்ப வேண்டும், ஆனால் ஜப்பானிய யென்னுக்குச் சிறு அலகு கிடையாது என்பதால் அப்படியே. இப்படிப்பட்ட ஏபிஐயின் மேல் ஒரு கருவியைக் கட்டி, பாராமீட்டருக்கு 'அமௌன்ட்' என்று பெயர் வைத்து, "செலுத்த வேண்டிய தொகை" என்று விளக்கம் எழுதினால் ஸ்கீமா அளவில் எல்லாம் சரி. டைப் பொருந்தும், சோதனை தேறும். ஆனால் வேண்டிய தொகையில் நூறில் ஒரு பங்குதான் போகும். "பைசாவில், முழு எண்; 500 ரூபாய்க்கு 50000" என்ற ஒரு வரி அந்த இடத்தில் மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியம். பாராமீட்டரின் பெயரிலேயே பைசாவைச் சேர்த்துவிடுவது அதைவிட நல்லது.

தேதி அடுத்தது. 03/04/2025 என்பது சென்னையில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. வடிவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எந்த நேர மண்டலம் என்றும் சொல்ல வேண்டும். பயனர் "நாளை மறுநாள்" என்று சொன்னால் மாடலுக்கு இன்று என்ன தேதி என்று தெரிந்திருக்க வேண்டும்; அது எங்கிருந்து வரும்? சில குழுக்கள் இதை ப்ராம்ப்டில் தருகிறார்கள், சிலர் தனிக் கருவியாக வைக்கிறார்கள். எப்படியானாலும் விளக்கத்தை மதிப்பிடும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு ஐடி கேட்கும் பாராமீட்டர் என்றால், அந்த ஐடி எந்தக் கருவியிலிருந்து கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் மாடல் பயனர் பெயரையே ஐடியாகத் தள்ளிப் பார்க்கும், இல்லை ஐடி போலத் தோன்றும் ஒன்றைத் தானே புனையும். குறிப்பிட்ட சில மதிப்புகள்தான் செல்லும் என்றால் அவற்றை விளக்க வாக்கியத்தில் வரிசைப்படுத்துவதைவிட ஸ்கீமாவிலேயே 'ஈனம்' (enum, அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல்) ஆகப் பூட்டுங்கள். விருப்பப் பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பு என்ன என்று சொல்லுங்கள். 'எடிட் ஃபைல்' கருவியில் மாற்றத்தை எழுதாமல் முன்னோட்டம் மட்டும் காட்டும் 'டிரை ரன்' உண்டு. அதன் இயல்பு நிலை 'இல்லை'. அதாவது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நேராக எழுதிவிடும். இதைத் தெரிந்துகொள்ள மாடல் ஸ்கீமாவின் மூலைக்குப் போகவேண்டியிருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஸ்கீமா சொல்ல முடியாத உறவுகளும் உண்டு. 'ரீட் டெக்ஸ்ட் ஃபைல்' கருவிக்கு முதல் சில வரிகளைக் கேட்க ஒரு பாராமீட்டர், கடைசிச் சில வரிகளைக் கேட்க இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எரர். இரண்டுமே விருப்பப் பாராமீட்டர்கள் என்பதால், தனித்தனியாகப் பார்த்தால் இது புரியாது. இத்தகைய "இதைக் கொடுத்தால் அதைக் கொடுக்காதே" விதிகளை நிரலிலிருந்து பொறுக்கி எடுத்துப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் விளக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: பக்கத்துக் கருவிகளோடு மோதவிடுங்கள்

கருவிகளை இரண்டிரண்டாக எடுத்து ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இரண்டில் எதை எப்போது எடுக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் வாக்கியம் எது? அந்த வாக்கியத்தைக் கட்டத்தில் ஒட்டுங்கள். ஒட்ட எதுவும் கிடைக்காத கட்டங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல். சம்பந்தமே இல்லாத ஜோடிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

ஃபைல்சிஸ்டம் சர்வரில் ஃபோல்டரைப் பட்டியலிட ஒன்று, அளவுகளோடு பட்டியலிட ஒன்று, மரமாகக் காட்ட ஒன்று. "இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு மூன்றுமே சரியான பதில். பெரிய ப்ராஜெக்டின் மேல் மரக் கருவியை ஏவினால் வரும் வெள்ளம் கான்டெக்ஸ்டை (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடத்தை) நிரப்பிவிடும் என்பது மூன்றின் விளக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்வரை உறைக்காது. 'ரீட் ஃபைல்' என்ற பழைய கருவி இன்னொரு சுவாரசியம். கைவிடப்பட்டது, 'ரீட் டெக்ஸ்ட் ஃபைல்' பயன்படுத்துங்கள் என்று அதன் விளக்கமே சொல்கிறது. பெயரளவில் அதுதான் எல்லாவற்றையும்விட இயல்பானது. மாடல் விளக்கத்தைக் கேட்கிறதா, பெயருக்கு மயங்குகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

உங்கள் சர்வரோடு நிற்காதீர்கள். பயனர்கள் கூடவே நிறுவக்கூடிய இன்னும் இரண்டு சர்வர்களைச் சேர்த்து இதே கட்டத்தைப் போடுங்கள். கிட்ஹப் சர்வரிலும் ஒரு தேடல் இருக்கும், ஏஜென்டுக்கென்றே உள்ளே கட்டிய ஃபைல் படிக்கும் கருவியும் இருக்கும். 'சர்ச்', 'கெட்', 'ரன்' என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

படி 5: சோதனைப் பணிகளை எழுதுங்கள்

பலர் அவசரத்தில் கெடுத்துவிடும் படி இது. கருவியின் விளக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பணிகளை எழுதினால், விளக்கத்தின் சொற்களே பணியிலும் வந்துவிடும். "பேட்டர்னுக்குப் பொருந்தும் ஃபைல்களைத் தேடு" என்று எழுதினால் எந்த மாடலும் சரியாகத்தான் எடுக்கும். அது சொற்பொருத்தம், விளக்கத்தின் தரத்தை அது காட்டாது. பயனர் எப்படிக் கேட்பாரோ அப்படி எழுதுங்கள்: "போன வாரம் பில் ஒன்னு சேவ் பண்ணேன், எங்க போச்சுன்னு பாரு."

நான்கு வகைப் பணிகள் கட்டாயம் வேண்டும். ஒரே கருவியால் நேராக முடிபவை. இரண்டு மூன்று கருவிகளைக் கோத்தால்தான் முடிபவை. படி 4-ல் குழப்பமாக நின்ற ஜோடிகளைக் குறிவைத்து எழுதியவை. கடைசியாக, எந்தக் கருவியும் தேவைப்படாத அல்லது எந்தக் கருவியாலும் செய்ய முடியாத பணிகள். இந்த நான்காவது வகையை விட்டுவிடுபவர்கள் அதிகம். மாடல்கள் கருவிகளை எவ்வளவு சரியாக அழைக்கின்றன என்று ஒப்பிடும் பெர்க்லி ஃபங்ஷன் காலிங் லீடர்போர்டு, பொருத்தமான கருவி இல்லாதபோது மாடல் சும்மா இருக்கிறதா என்பதற்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. தன்னைப் பற்றி அதிகம் பீற்றிக்கொள்ளும் விளக்கம் மற்ற மூன்று வகைகளிலும் நன்றாகவே மதிப்பெண் வாங்கும், இங்கேதான் பிடிபடும்.

பயனர்கள் தமிழில் கேட்பார்கள் என்றால் அதற்கும் பணிகள் வேண்டும். விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை, மாடல்கள் சமாளித்துவிடும். மதிப்புகளில்தான் வம்பு. "ஒன்றரை லட்சம்" 150000 ஆகப் போகிறதா? "சித்திரை முதல் தேதி" என்னவாகிறது? தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு: யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. "கொள்முதல்" என்ற பெயரில் இரண்டு விதமாகவும் ஃபைல் உருவாக்கி வைத்துத் தேடச் சொல்லிப் பாருங்கள். இதில் தோற்றால் விளக்கத்தைத் திருத்திப் பயனில்லை, கருவியைத்தான் திருத்த வேண்டும்.

பணி ஒவ்வொன்றுக்கும் வெற்றி என்றால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடிந்தவரை இறுதி நிலையைச் சரிபாருங்கள்: ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, மற்றவை தொடப்படாமல் இருக்கின்றனவா. இந்தக் கருவியை முதலில், அந்தக் கருவியை அடுத்து என்று ஒரே பாதையை விதித்தால், வேறு நல்ல வழியில் போன ஓட்டத்தையும் தோல்வியாக எண்ணிவிடுவீர்கள்.

எழுதி முடித்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள். விளக்கத்தைத் திருத்தும் காலம் முழுவதும் அதைப் பார்க்கக் கூடாது.

படி 6: ஓட்டுங்கள், எண்ணுங்கள்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் தற்காலிக ஃபோல்டர். முந்தைய ஓட்டத்தின் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. மாடலின் பதிப்பை முழுப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். டெம்பரேச்சரை (விடை எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அமைப்பை) பூஜ்யமாக வைத்தாலும் ஒரே விடை வரும் என்று உத்தரவாதமில்லை, அதனால் ஒவ்வொரு பணியையும் பல முறை ஓட்ட வேண்டும்.

சராசரி வெற்றியை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். சியரா நிறுவனத்தினர் 2024-ல் வெளியிட்ட டௌ-பெஞ்ச் அளவுகோலில், ஒரே பணியை எட்டு முறை செய்யச் சொன்னால் எட்டு முறையும் சரியாகச் செய்கிறதா என்று கேட்டார்கள். ஒரு முறைக்கு 90 சதவீதம் வெற்றி பெறும் ஏஜென்ட், ஓட்டங்கள் ஒன்றையொன்று பாதிக்காதவை என்று வைத்தால், எட்டிலும் வெல்வது 43 சதவீதம்தான். அன்றைய ஜிபிடி-4ஓ சில்லறை வணிகப் பணிகளில் இந்த எட்டு முறைச் சோதனையில் 25 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஒரே பணியில் சில முறை சரி, சில முறை தவறு என்று ஆடும் இடங்களில் பெரும்பாலும் விளக்கம் இரண்டு பொருள் தருவதாக இருக்கும். என் கணக்கில், முழுதாகத் தோற்கும் பணிகளைவிட இந்த ஆடும் பணிகள்தான் விளக்கத்தைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

குறிக்கவேண்டியவை: முதலில் எடுத்த கருவி, கொடுத்த மதிப்புகள், மொத்த அழைப்புகள், எரர்கள், டோக்கன், இறுதி வெற்றி. பழைய விளக்கத்தையும் புதியதையும் ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். நாற்பது பணிகளில் 31 தேறியது 33 ஆக உயர்ந்தால் முன்னேற்றம் போலத் தோன்றும். பணிவாரியாகப் பார்த்தால் ஐந்து புதிதாகத் தேறி, மூன்று புதிதாக உடைந்திருக்கலாம். உடைந்த மூன்றும் ஒரே கருவியைச் சேர்ந்தவை என்றால் நீங்கள் செய்தது திருத்தமா என்று யோசிக்க வேண்டும்.

படி 7: ஓட்டப் பதிவுகளை உட்கார்ந்து வாசியுங்கள்

எண்கள் எங்கே வலி என்று காட்டும், ஏன் என்று காட்டாது. தோற்ற ஓட்டங்களைத் திறந்து ஒவ்வொன்றையும் காரணத்தோடு இணையுங்கள். தவறான கருவியை எடுத்தது என்றால் எல்லை வாக்கியம் இல்லை. கருவி சரி, மதிப்பு தவறு என்றால் பாராமீட்டர் குறிப்பு. எல்லாம் சரி, வந்த விடையைத் தவறாகப் புரிந்துகொண்டது என்றால் என்ன திரும்பும் என்று எழுதவில்லை. கருவியையே தொடாமல் தன் நினைவிலிருந்து பதில் சொன்னது என்றால் எப்போது அழைக்க வேண்டும் என்று தெளிவாக இல்லை.

ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்றால் விளக்கத்தை விட்டுவிட்டு எரர் செய்தியைப் பாருங்கள். எரரும் விளக்கத்தின் ஒரு பகுதியே, அடுத்த அடியை மாடல் அதை வைத்துத்தான் எடுத்து வைக்கிறது. எம்சிபியில் கருவியின் தோல்வியை விடைக்குள்ளேயே பிழை என்று குறியிட்டு அனுப்ப வழி வைத்திருப்பது இதற்காகத்தான். அனுமதி இல்லாத இடத்தைத் தொட்டால் ஃபைல்சிஸ்டம் சர்வர் மறுப்பதோடு நிற்காமல் எந்தெந்த ஃபோல்டர்களுக்கு அனுமதி உண்டு என்றும் சொல்கிறது. ஏஜென்ட் அடுத்த முயற்சியிலேயே திருந்திவிடும்.

ஆந்த்ரோபிக் எழுதியுள்ள இரண்டு அனுபவங்கள் இங்கே உதவும். அவர்களது வலைத் தேடல் கருவியில் மாடல் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு '2025' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவுகளை வாசித்தபோதுதான் தெரிந்தது, விளக்கத்தைத் திருத்திச் சரிசெய்தார்கள். இன்னொரு ஏஜென்டில் மாடல் வேறு ஃபோல்டருக்கு நகர்ந்த பிறகு சார்புப் பாதைகளை (தற்போதைய ஃபோல்டரிலிருந்து தொடங்குபவற்றை)த் தவறாகக் கொடுத்தது. அங்கே விளக்கத்தில் அறிவுரை சேர்க்காமல், முழுப் பாதை கொடுத்தால்தான் கருவி ஏற்கும் என்று மாற்றிவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது. எது விளக்கத்தால் தீரும், எது கருவியை மாற்றினால்தான் தீரும் என்று பிரிப்பது இந்தப் படியின் முக்கிய விளைவு.

படி 8: வாக்கியங்களை நீக்கிப் பாருங்கள்

தோல்விக்கு ஒரு வரி, தோல்விக்கு ஒரு வரி என்று சேர்த்துக்கொண்டே போனால் விளக்கம் ஊதும். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். எதுவும் மாறாவிட்டால் அந்த வாக்கியம் டோக்கன் தின்னும் அலங்காரம். "மிகவும் பயனுள்ளது", "சக்திவாய்ந்தது" போன்றவை அநேகமாக முதல் சுற்றிலேயே போய்விடும். "கட்டாயம்", "எப்போதும் இதையே முதலில் அழை" என்று கத்தும் வரிகளையும் சந்தேகியுங்கள். ஒரு கருவி கத்தினால் பலிக்கும். பத்து கருவிகளும் கத்தினால் யார் சொல்வதைக் கேட்பது? மாறாக, படி 3-ன் பைசா வரி போன்ற ஒன்றை நீக்கினால் உடனே சரிவு தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த வரிசை: முதல் வாக்கியம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும், இரண்டாவது எப்போது இதை விட்டு வேறொன்றை எடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், பிறகு பக்க விளைவு, கடைசியில் எடுத்துக்காட்டு. இது விதி இல்லை, வசதி.

படி 9: விளக்கம் உண்மை பேசுகிறதா?

பிறர் எழுதிய கருவியை மதிப்பிடுகிறீர்கள் என்றால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. விளக்கம் மாடலின் ப்ராம்ப்டுக்குள் நுழைகிறது. அதில் ஒளித்து வைக்கும் கட்டளையும் கூடவே நுழையும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள்: இரண்டு எண்களைக் கூட்டும் அப்பாவிக் கருவியின் விளக்கத்துக்குள், பயனரின் ரகசிய ஃபைல்களைப் படித்து ஒரு பாராமீட்டர் வழியாக அனுப்பு என்று எழுதி வைத்தால் ஏஜென்ட் அப்படியே செய்தது. பயனர் திரையில் கருவியின் சுருக்கம் மட்டும் தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை. எனவே முழு வாசகத்தையும் படியுங்கள். தன் வேலைக்குத் தேவையில்லாத ஃபைலைப் பற்றியோ பிற கருவிகளின் நடத்தை பற்றியோ பேசும் விளக்கம் எதையும் நிராகரியுங்கள். ஒப்புதல் கொடுத்த வாசகத்தின் ஹாஷை (கைரேகை போன்ற குறியீட்டை) சேமித்து வைத்தால், பின்னால் சத்தமில்லாமல் மாற்றினாலும் தெரிந்துவிடும்.

படிக்க மட்டும் செய்யும், அழிக்கக்கூடும் என்பன போன்ற குறிப்புகளை எம்சிபியில் தனியாக இணைக்கலாம். குறிப்பு எதுவும் தராவிட்டால் கருவி எழுதக்கூடியது, அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது விதிமுறை. நம்பகமான சர்வரிலிருந்து வராத குறிப்புகளை நம்பக் கூடாது என்றும் அதே விதிமுறை சொல்கிறது. ஆகவே குறிப்பை நிரலோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடவேண்டும்.

எப்போது மறுபடி ஓட்டுவது

விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் ஓட்டுங்கள். சிறிய தொகுப்பை சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளை ஓட்டும் அமைப்பில்) கட்டிவிட்டால் தானாக நடக்கும். புதுக் கருவி சேர்ந்தால் படி 4-ன் கட்டத்தில் அதன் வரிசையை மட்டும் நிரப்பி, குழப்பமான ஜோடிகளுக்குப் புதிய பணி எழுதுங்கள். பூட்டி வைத்த மூன்றில் ஒரு பங்கை வெளியீட்டுக்கு முன் ஒரு முறை மட்டும் திறக்க வேண்டும். திருத்தப் பயன்பட்ட பணிகளில் நல்ல மதிப்பெண்ணும் இதில் மோசமான மதிப்பெண்ணும் வந்தால், விளக்கம் அந்தப் பணிகளுக்கென்றே தைத்ததாகிவிட்டது என்று பொருள். அந்தப் பங்கையும் திருத்தத்துக்குப் பயன்படுத்திவிட்டால் புதிதாக எழுதத்தான் வேண்டும்.

மாடல் மாறும்போது எல்லாவற்றையும் ஓட்டி, கருவிவாரியாக ஒப்பிடுங்கள். பழைய மாடலின் பலவீனத்துக்காகச் சேர்த்த வரிகளையும் அப்போது படி 8-ன்படி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம்.